நெக்கார் கரையில் ஒரு தானியத் தூண்

ஹோஹென்ஹைம், ஸ்டுட்கார்ட்
அக்டோபர் 6

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. குறுவை அறுவடை நேரத்தில் பிடித்துக்கொண்ட மழையில், களத்தில் குவித்து வைத்திருந்த நெல் முளைத்துவிட்டது என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. தார்ப்பாயை விலக்கியபோது குவியலின் மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாக வேர் விட்டிருந்தது என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்பாவின் உடல்நிலை தேறி வருவது ஒன்றுதான் ஆறுதல்.

கடிதத்தின் கடைசியில், பீர் திருவிழாவுக்குப் போகப்போவதாகச் சொன்னாயே, போனாயா என்று கேட்டிருந்தாய். சனிக்கிழமை போய்வந்தேன். ஜெர்மனியில் பீர் திருவிழா என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் மியூனிக்கின் அக்டோபர்ஃபெஸ்ட்தான் நினைவுக்கு வரும். நான் போனது இங்கே ஸ்டுட்கார்ட்டில், நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள கான்ஸ்டாட் புல்வெளியில் செப்டம்பர் கடைசியில் தொடங்கி இரண்டு வாரங்களுக்கு மேல் நடக்கும் திருவிழாவுக்கு. அந்தத் திடலை இவ்வூர்க்காரர்கள் 'வாசென்' என்கிறார்கள். இவர்களுடைய ஸ்வாபிய வட்டார வழக்கில் அதற்குப் புல்வெளி என்றே பொருள்.

முதலில் நீ எதிர்பார்ப்பதைச் சொல்லிவிடுகிறேன். ராட்டினங்கள், வறுத்துச் சர்க்கரை பூசிய பாதாமின் மணம், ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் பேர் அமரக்கூடிய பிரம்மாண்டமான கூடாரங்கள், மேடையில் பித்தளைக் குழல் இசைக்குழு, பெஞ்சுகளின் மேல் ஏறி நின்று பாடும் கூட்டம் எல்லாம் இருந்தன. பீரை 'மாஸ்' எனப்படும் ஒரு லிட்டர் கண்ணாடிக் குவளையில் மட்டுமே தருகிறார்கள். நிரம்பிய குவளை ஒன்று இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். அப்படிப்பட்ட பத்துக் குவளைகளை இரு கைகளிலும் சேர்த்து மார்போடு அணைத்துக்கொண்டு, நெரிசலுக்குள் ஒரு சொட்டும் சிந்தாமல் வந்து மேசையில் வைத்த நடுவயதுப் பெண்மணியைப் பார்த்தபோது, நடவு நாளில் தலையில் நாற்றுக்கட்டோடு வரப்பில் நடந்துவரும் நம் ஊர்ப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். உடன் படிக்கும் நால்வரோடு போயிருந்தேன். குவளைகளை மோதும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து 'புரோஸ்ட்' சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்கள். நான் ஒரே ஒரு குவளையை இரண்டு மணி நேரம் வைத்திருந்து குடித்தேன். உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

அந்தக் குவளையைக் கையில் வைத்திருந்த நேரம் முழுவதும் உன் களத்து நெல்லைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பீருக்கு ஆதாரமான மால்ட் என்பது, பார்லியை ஊறவைத்து, சில நாள்கள் முளைக்கவிட்டு, குறிப்பிட்ட பதம் வந்ததும் சூடான காற்றில் உலர்த்தி முளைப்பை நிறுத்திய தானியம். முளைக்கும்போது உண்டாகும் நொதிகள்தாம் பின்னர் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. அந்தச் சர்க்கரை இருந்தால்தான் ஈஸ்ட் வேலை செய்யும். குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுவதற்காக உன் அம்மா கேழ்வரகை ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை வந்ததும் வெயிலில் காயவைத்து அரைப்பார்களே, ஏறக்குறைய அதே கைப்பக்குவந்தான்.

நான் இக்கடிதத்தை எழுத உட்கார்ந்தது கூடாரத்தைப் பற்றிச் சொல்வதற்காக அன்று. திடலின் நடுவே ஏறத்தாழ 26 மீட்டர் உயரத்தில் ஒரு தூண் நிற்கிறது. கோவில் கொடிமரத்தைப்போல எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிறது. உச்சியில் பெரிய கிண்ணம்போன்ற அமைப்பு. தூணைச் சுற்றிலும் தானியக் கதிர்களாலும் பழங்களாலும் காய்களாலும் அலங்காரம். 'பழத் தூண்' என்பது அதன் பெயர். கூட்டத்தில் தவறிப்போனால் இங்கே வந்து நில் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்குத்தான் அது பெரும்பாலும் பயன்படுகிறது. நான் அருகில் போய் நின்று பார்த்தேன். பூசணிகளுக்கும் மக்காச்சோளக் கதிர்களுக்கும் இடையே செருகியிருந்த கோதுமைக் கட்டு ஒன்றில் மணிகள் முற்றி, கனத்து, கூர்முடிகளோடு வளைந்து தொங்கின. ஓர் ஆப்பிளின் பிளவில் குளவி ஒன்று தலையை நுழைத்துக்கொண்டிருந்தது.

இந்தத் தூண் ஏன் நிற்கிறது என்பதை எங்கள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்கள். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அது வானுயரத் தள்ளிய கந்தகம் உலகின் மேல் ஒரு திரையாகப் படர்ந்து வெயிலை மறைத்தது. மறு ஆண்டு 1816-இல் ஐரோப்பாவின் இந்தப் பகுதிக்குக் கோடையே வரவில்லை. மழையும் குளிருமாக மாதங்கள் கழிந்தன. பயிர் விளையாமலும், விளைந்தது வயலிலேயே அழுகியும் போயிற்று. எங்கோ வெடித்த மலைதான் காரணம் என்று அன்றைய விவசாயிக்குத் தெரிந்திருக்க வழியில்லை. மாவில் மரத்தூளையும் வைக்கோலையும் கலந்து ரொட்டி சுட்டுத் தின்றார்கள். ஆயிரக்கணக்கானோர் அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் புறப்பட்டார்கள். பின்னாளில் பொருளியலறிஞராகப் புகழ்பெற்ற ஃபிரீட்ரிஷ் லிஸ்ட், 1817-இல் அரசு அதிகாரியாக ஹைல்பிரான் நகருக்குப் போய், ஏன் ஊரைவிட்டுப் போகிறீர்கள் என்று அம்மக்களை ஒவ்வொருவராகக் கேட்டுப் பதிவு செய்தார்.

ஸ்டுட்கார்ட்டைத் தலைநகராகக் கொண்டிருந்த வூர்ட்டம்பெர்க் நாட்டின் மன்னர் முதலாம் வில்ஹெல்ம் அரியணை ஏறியதே அந்த 1816-இல்தான். அவருடைய மனைவி கத்தரீனா, ரஷ்யப் பேரரசரின் தங்கை. அரசி ஏழைகளுக்கு உதவும் சங்கங்களை நாடு முழுவதும் ஒருங்கிணைத்தார். எளியவர்கள் சிறுகச் சிறுகச் சேமிக்க ஒரு சேமிப்பு வங்கியையும் தொடங்கிவைத்தார். இனி ஒரு பஞ்சம் வந்தால் தாங்க வேண்டுமென்றால் உழவு மேம்பட வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். 1818 செப்டம்பர் 28 அன்று, மன்னரின் பிறந்தநாளுக்கு மறுநாள், கான்ஸ்டாட்டில் முதல் உழவர் விழா நடந்தது. சிறந்த கால்நடைகளை வளர்த்தவர்களுக்குப் பரிசு கொடுத்தார்கள். குதிரைப் பந்தயம் வைத்தார்கள். அரண்மனைக் கட்டடக் கலைஞர் நிக்கோலாஸ் தூரே வடிவமைத்த தூணும் அன்றே எழுந்து நின்றது. அதே ஆண்டு நவம்பரில் ஹோஹென்ஹைம் அரண்மனையில் வேளாண்மைப் பள்ளி ஒன்றைத் திறந்தார்கள். நான் இப்போது படிக்கும் பல்கலைக்கழகம் அதிலிருந்து வளர்ந்தது. தினமும் நான் நடந்துபோகும் அந்த அரண்மனைத் தாழ்வாரமும், சனிக்கிழமை நான் நின்ற திடலும் ஒரே பசியிலிருந்து பிறந்த உடன்பிறப்புகள் என்று எண்ணும்போது எனக்கு உடல் சிலிர்க்கிறது, நண்பா.

கத்தரீனா அந்த ஒரே ஒரு திருவிழாவைத்தான் பார்த்தார். 1819 ஜனவரியில், முப்பது வயதில் இறந்துபோனார். மன்னர் அவருக்காக ரோட்டன்பெர்க் ஊருக்கு மேலே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள குன்றில் ஒரு கல்லறைக் கோயில் கட்டினார். 'அன்பு ஒருபோதும் ஒழியாது' என்ற விவிலிய வாசகம் அதன் முகப்பில் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

கூடாரங்களில் குடிப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. விளைச்சல் வீடு வந்தால் மனிதன் ஆடிப்பாடத்தான் வேண்டும். பொங்கலுக்கு நாமும் அதைத்தானே செய்கிறோம். ஆனால் அத்தனை ஆயிரம் பேரில் அந்தத் தூணை நிமிர்ந்து பார்த்தவர்கள் மிகச் சிலரே என்பது எனக்கு வருத்தமாக இருந்தது. நான்காண்டுகளுக்கு ஒருமுறை திருவிழாவோடு சேர்த்துப் பெரிய வேளாண் கண்காட்சியும் நடத்துகிறார்கள். மாடுகளும் எந்திரங்களும் திடலுக்கு வரும். அப்படி ஓர் ஆண்டில் நீ இங்கே வந்தால், முதலில் உன்னை அந்தத் தூணுக்கு அடியில்தான் கொண்டுபோய் நிறுத்துவேன்.

சம்பாவுக்கு நாற்று விட்டாயிற்றா? முளைத்ததைப் பற்றி எழுதினாயே தவிர, விதைக்கென்று ஒதுக்கிவைத்திருந்த நெல் நனையாமல் தப்பியதா என்பதை நீ எழுதவில்லை. உடனே எழுது.

என்றும் உன்
அன்பு நண்பன்