சாமியாரைக் கேலி செய்யுங்கள், கயிறு கட்டிக்கொண்டவளை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பக்தியையும் மூடநம்பிக்கையையும் கேலி செய்யும் தமிழ்ப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'பராசக்தி'யில் தொடங்கி 'மூக்குத்தி அம்மன்' வரை எழுதியிருந்தார் கட்டுரையாளர். ஏழை ஜனங்கள் அறியாமையால்தான் சாமியார்களிடம் ஏமாறுகிறார்கள், இப்படிப்பட்ட படங்கள் அவர்களைத் திருத்தும் என்று முடித்திருந்தார். பந்தலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில், அதாவது தொழிலாளர்களுக்கென வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில், வளர்ந்த என்னால் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

1986-இல் என் அக்காவுக்கு வலிப்பு வந்தது. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. அம்மாவுக்குச் சோறு கொண்டுபோன இடத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவிலேயே விழுந்துவிட்டாள். யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். "காத்து கருப்பு அடிச்சிருக்கு" என்றார்கள். மாதம் ஒருமுறை கீழ்நாட்டிலிருந்து வந்துபோகும் சாமியார் ஒருவர் இருந்தார். எலுமிச்சம்பழம், கறுப்புக் கயிறு, தாயத்து, மூன்று அமாவாசைக்குக் கழிப்பு என்று அடுக்கினார். அம்மா தன் மூக்குத்தியை அடகு வைத்தார். அதை மீட்கவே முடியவில்லை, வட்டியிலேயே மூழ்கிப்போனது.

அம்மா விவரம் தெரியாதவர் அல்ல. பறித்த கொழுந்தின் எடையில் அரைக் கிலோ குறைத்து எழுதினால்கூடக் கண்டுபிடித்துக் கேட்பார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். பஸ் செலவு வேறு. வரிசையில் நின்று உள்ளே போனால் இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பிவிடுவார்கள், என்ன வியாதி என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். சாமியாரோ லைனுக்கே வந்தார். பாயில் உட்கார்ந்து, அம்மா சொன்னதை முழுசாகக் கேட்டார். "உன் பொண்ணு பொழைச்சுக்குவா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மூக்குத்தி போனது.

இரண்டு வருஷம் கழித்துப் பக்கத்து லைன் அண்ணன் ஒருவர் வற்புறுத்திக் கேரளத்தில் இருக்கும் சுல்தான் பத்தேரிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு டாக்டர் படம் வரைந்து காட்டி, இது மூளை சம்பந்தப்பட்ட நோய், மாத்திரையில் கட்டுப்படும் என்று மலையாளமும் தமிழும் கலந்து அம்மாவுக்குப் புரியும்படி சொன்னார். அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவே கயிற்றை அறுத்துப் போட்டார். முறையாகச் சிகிச்சை கிடைத்தால் வலிப்பு உள்ளவர்களில் பத்துக்கு ஏழு பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் அக்கா அந்த ஏழில் ஒருத்தி.

கட்டுரையாளர் பாராட்டிய படங்களை நானும் ரசித்தவள்தான். ஆனால் 1952-இல் வந்த 'பராசக்தி' எதைத் தாக்கியது என்பதை அவர் சரியாகச் சொல்லவில்லை. கைக்குழந்தையோடு போக்கிடமில்லாமல் அலையும் கல்யாணியை அந்தப் படம் ஓரிடத்திலும் கேலி செய்யவில்லை. அவளிடம் தவறாக நடக்க முயலும் பூசாரியைத்தான் கூண்டில் ஏற்றியது. அதனால்தான் எங்கள் லைனில் தினமும் விளக்கேற்றும் பாட்டிமார்கூட அதைக் கைதட்டிப் பார்த்தார்கள். 2020 தீபாவளிக்கு வந்த 'மூக்குத்தி அம்மன்' படத்தில் ஊர்வசி நடித்த அம்மாவைப் பார்த்து நான் அழுதேன். கணவன் விட்டுப்போன குடும்பத்தை ஒற்றை ஆளாகத் தாங்கும் அவளது திருப்பதி ஆசையைப் படம் அன்போடு காட்டியது. ஆனால் அதே படத்தில் வரும் போலிச் சாமியாரான பாபாவின் முன்னால் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு அந்த அன்பு கிடைக்கவில்லை. அவர்கள் ஏன் வந்தார்கள், யார் வீட்டில் என்ன நோய், எவ்வளவு கடன் என்று ஒருவர் கதையையாவது சொல்லியிருக்கலாம். அந்தக் கூட்டத்தில்தான் என் அம்மா உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கும்பிடுவதையும் ஏமாறுவதையும் கட்டுரை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் 1964-இல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் எங்கள் ஜனங்கள். மாத்தளையிலிருந்து வரும்போது தாத்தா தகரப் பெட்டியில் துணிமணிகளோடு ஒரு சூலத்தையும் வைத்து எடுத்து வந்தார். அதை நட்டுத்தான் எங்கள் லைன் மாரியம்மன் கோயில் உண்டானது. அங்கே கட்டணச் சீட்டும் கிடையாது, பரிகாரமும் கிடையாது. வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுத் திருவிழா எடுத்துக் கூழ் ஊற்றுகிறோம். அக்கா இன்றும் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு அந்தக் கோயில் வாசலுக்குக் கோலம் போடப் போகிறாள். இதில் கேலி செய்ய என்ன இருக்கிறது?

கேலி செய்ய வேண்டிய இடங்கள் நிறைய இருக்கின்றன. தாயத்தும் மந்திரமும் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-லேயே மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் வலிப்பும் இருக்கிறது. இருந்தும் ராசிக்கல்லும் யந்திரத் தகடும் தொலைக்காட்சியில் கூவி விற்கப்படுகின்றன. விற்கிறவர் யார், அந்த நேரத்தை அவருக்கு வாடகைக்குக் கொடுத்தவர் யார், பங்கு யாருக்குப் போகிறது என்று ஒரு படம் எடுக்கட்டும். வயிறு குலுங்கச் சிரிக்க நாங்கள் தயார்.

உங்கள் விமர்சகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு படத்தைப் பற்றி எழுதும்போது, தாயத்து வாங்க வந்தவளின் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று அந்தப் படம் காட்டியதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பந்தலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.