சீட்டின் அடியில் இருக்கும் பெயர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வர்ஜீனியா மாநிலத் தேர்தலைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சந்தோஷத்தோடு, இரண்டாம் முறை எரிச்சலோடு. அபிகேல் ஸ்பான்பெர்கர் இந்த மாநிலத்தின் முதல் பெண் ஆளுநராக வந்ததும், ஹைதராபாத்தில் பிறந்த கசாலா ஹாஷ்மி துணை ஆளுநர் ஆனதும் கொண்டாட வேண்டியவைதான். 2025 நவம்பர் 4 இரவு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரத்துக்கு முன் முடிந்துபோன தீபாவளி திரும்பி வந்ததுபோல இருந்தது. எரிச்சல் வந்தது கடைசிப் பத்தியில். போட்டி போட்டு இடம் பிடிக்கும் அரசு அறிவியல் உயர்நிலைப் பள்ளியான தாமஸ் ஜெஃபர்சன் பள்ளியின் சேர்க்கையில் நம் பிள்ளைகளுக்கு நேர்ந்ததைப் புதிய ஆளுநராவது சரிசெய்வாரா என்று கேட்டு முடித்திருக்கிறார் கட்டுரையாளர். மின்சாரம் போனதற்குக் குடிநீர் வாரியத்தில் மனுக் கொடுப்பதுபோல இருந்தது எனக்கு.

ஆளுநர் என்றதும் நம்மவர்களுக்கு ராஜ் பவன் நினைவுக்கு வரும். இங்கே அவர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர், நம் ஊர் முதலமைச்சருக்கு நிகர். அவருக்குப் பள்ளிகள் மேல் அதிகாரமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. மாநிலக் கல்வி வாரியத்துக்கு உறுப்பினர்களை நியமிப்பவர் அவர்தான். 2022 பிப்ரவரியில் அப்போதைய ஆளுநர் க்ளென் யங்கின் கையெழுத்திட்ட சட்டத்தால், பள்ளியில் பிள்ளை முகக்கவசம் அணிவதா வேண்டாமா என்பது பெற்றோர் கைக்குப் போனது. ஆனால் கட்டுரையாளர் கேட்டிருப்பது தாமஸ் ஜெஃபர்சன் பள்ளியைப் பற்றி. அங்கே நடந்தது வேறு.

2020 இறுதியில் அந்தப் பள்ளிக்கு இருந்த நுழைவுத் தேர்வை எடுத்தார்கள், நூறு டாலர் விண்ணப்பக் கட்டணத்தையும் எடுத்தார்கள். ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பிலும் 1.5 சதவீதம் பேருக்கு இடம் ஒதுக்கினார்கள். மொத்தம் 550 இடங்கள். புதிய முறையின் முதல் ஆண்டில், இடம் கிடைத்தவர்களில் ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளின் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54 சதவீதமாகக் குறைந்தது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2022 பிப்ரவரியில் கீழ்க்கோர்ட்டில் ஜெயித்தார்கள், 2023 மே மாதம் மேல்முறையீட்டில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது. இதற்கு நடுவில் ஆளுநர் மாறினார், அவருடைய கட்சியும் மாறியது. சேர்க்கை முறை மட்டும் மாறவில்லை.

இந்த முடிவை எடுத்தவர்கள் யார்? அந்தப் பள்ளி இருக்கும் ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பள்ளி வாரியத்தைச் சேர்ந்த பன்னிரண்டு பேர், 2019 நவம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அந்தத் தேர்தல் நடந்த வாரம் நாம் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்? எனக்கு ஞாபகம் இல்லை. பள்ளி வாரியத்தைப் பற்றி நிச்சயம் இல்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. பக்கத்துக் கவுண்டிகளான லவுடனிலிருந்தும் பிரின்ஸ் வில்லியமிலிருந்தும் பிள்ளைகள் அந்தப் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அவர்களுடைய பெற்றோருக்கு ஃபேர்ஃபேக்ஸ் வாரியத் தேர்தலில் வாக்கு கிடையாது. வாக்கே இல்லாத இவர்களின் கோபமும், வாக்கு இருந்தும் போடாதவர்களின் கோபமும் ஒன்றாகச் சேர்ந்து ஆளுநர் தேர்தலுக்குப் போய்விடுகின்றன.

சேர்க்கை முறை சரியா தவறா என்பதில் எனக்கு இன்னமும் இரண்டு மனம்தான். தேர்வு இருந்த காலத்தில் நாங்களும் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டியவர்கள். தேர்வு ரத்தானபோது அவர்கள் பணத்தைத் திருப்பித் தரவில்லை, அது வேறு கதை. ஆனால் மேல்முறையீட்டுத் தீர்ப்பில் ஒரு விவரத்தைப் படித்தபிறகு என்னால் பழைய சுருதியில் பேச முடியவில்லை. முந்தைய ஆண்டில் இடம் கிடைத்த ஏழை ஆசியக் குடும்பத்துப் பிள்ளை ஒரே ஒருவர். புதிய முறையில் 51 பேர். ‘நம் பிள்ளைகள்’ என்று கட்டுரையாளர் சொல்லும்போது அந்த 51 பேரையும் சேர்த்துத்தான் சொல்கிறாரா?

2021ஆம் ஆண்டு ஆளுநர் தேர்தலையும் நினைத்துப் பார்க்கலாம். அந்த ஜூன் 22 அன்று லவுடன் பள்ளி வாரியக் கூட்டத்தில் பேச இருநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பதிந்திருந்தார்கள். கூச்சல் அதிகமாகி, சட்டவிரோதக் கூட்டம் என்று அறிவித்து அரங்கைக் காலி செய்யும்படி ஆனது. நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். செப்டம்பர் விவாத மேடையில், யங்கினை எதிர்த்து நின்ற டெர்ரி மெக்காலிஃப், பள்ளி எதைக் கற்பிக்க வேண்டும் என்று பெற்றோர் சொல்லவேண்டியதில்லை என்ற பொருளில் ஒரு வார்த்தை விட்டார். எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டது. நவம்பரில் யங்கின் சுமார் இரண்டு சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். லவுடனின் சண்டை ஒரு மாநிலத் தேர்தலுக்கே எரிபொருளாகிவிட்டது. ஆனால் லவுடன் வாரியத்தின் ஒன்பது இடங்களுக்கும் ஒருசேரத் தேர்தல் வந்தது 2023 நவம்பரில்தான். அதற்குள் தொலைக்காட்சி வண்டிகள் வேறு ஊருக்குப் போய்விட்டன.

அந்த 2023 நவம்பரில்தான் நானும் என் கணவரும் பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்கு வாக்களிக்கப் போனோம். உடற்பயிற்சிக் கூடத்தில், கூடைப்பந்து வளையத்துக்கு நேர்கீழே வாக்களிக்கும் மேசைகள். வெளியே பெற்றோர் சங்கத்தார் கேக் விற்றுக்கொண்டிருந்தார்கள். என் வாக்குச்சீட்டில் மாநில சட்டமன்றத்தின் இரு அவைகளில் தொடங்கி, கவுண்டி மேற்பார்வையாளர், ஷெரிஃப் என்று இறங்கி, மண் மற்றும் நீர்ப் பாதுகாப்பு இயக்குநர் வரைக்கும் கறுப்பாக்க வேண்டிய வட்டங்கள். நான் பாதிகூட முடிக்கவில்லை, இவர் சீட்டை இயந்திரத்தில் செலுத்திவிட்டு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு நிற்கிறார். “பள்ளி வாரியத்துக்கு யாருக்குப் போட்டீர்கள்?” என்று கேட்டேன். “அங்கே கட்சிப் பெயரே போடவில்லையே, யாரென்று தெரியாமல் எப்படிப் போடுவது?” என்றார். வர்ஜீனியாவில் உள்ளூர்ப் பதவிகளுக்கு நிற்பவர்களின் கட்சி சீட்டில் அச்சாவதில்லை. ஆகவே விட்டுவிட்டார். மிக்ஸி வாங்குவதற்கு மூன்று வாரம் விமர்சனம் படித்த மனிதர்.

அவரை மட்டும் சொல்லி என்ன பயன்? வர்ஜீனியாவில் பள்ளி வாரியத்தைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கலாம் என்ற சட்டமே 1992இல்தான் வந்தது. அதுவரை எல்லாம் நியமனம். கிடைத்த உரிமையைத்தான் வட்டத்தைக் கறுப்பாக்காமல் விட்டுவிட்டு வருகிறோம்.

எனக்கும் இதில் யோக்கியதை குறைவு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் புதிய பள்ளி ஒன்று திறந்து, எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்று எல்லையைத் திருத்தினார்கள். எங்கள் குழுவில் இரவு ஒரு மணி வரைக்கும் செய்திகள் பறந்தன. கருத்துக் கேட்கும் கூட்டத்துக்குப் போனவர்கள் எங்கள் தெருவிலிருந்து இரண்டே பேர், அதில் ஒருத்தி வேடிக்கை பார்க்கப் போன நான். பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் ஒரே நிறச் சட்டையில் நான்கு வரிசை நிறைய உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம், மேசைமேல் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு. ஒரு பாட்டி, பேத்தி நடந்துபோகும் பாதையைப் படமாக வரைந்து கொண்டுவந்து காட்டினார். முடிவில் கோடு எங்கள் தெருவை வெட்டிக்கொண்டு போனது. வாரியத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் காதில் விழுந்ததை வைத்துத்தானே கோடு போட முடியும்?

எச்-1பி விசாவில் இருக்கிறோம், பச்சை அட்டை வரவில்லை, வாக்கு இல்லாதவர்கள் என்ன செய்வது என்று உங்கள் வாசகர்கள் பலர் கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் அந்தக் கூட்டத்தில் பேசியவர்களிடம் யாரும் குடியுரிமைச் சான்று கேட்கவில்லை. அதேபோல வசந்தகாலத்தில் பட்ஜெட் விசாரணை நடக்கும், அதற்கும் போகலாம். இந்த மாநிலத்தில் பள்ளி வாரியத்தால் சொந்தமாக வரி போட முடியாது, கவுண்டி மேற்பார்வையாளர் குழு கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆசிரியர் சம்பளமும் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்பதும் அந்த மேசையில்தான் பெருமளவு முடிவாகின்றன.

ஃபேர்ஃபேக்ஸ் வாரியத்தின் பன்னிரண்டு இடங்களுக்கும் 2027 நவம்பரில் மறுபடி தேர்தல். உங்களிடம் ஒரு வேண்டுகோள். அதற்கு முந்தைய இரண்டு இதழ்களில், வட வர்ஜீனியாவில் பள்ளி வாரியத்துக்கு நிற்பவர்கள் யார், சேர்க்கை, பள்ளி எல்லை, பட்ஜெட் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டுத் தமிழில் வெளியிடுங்கள். தொகுதிக்கு நாலு வரி இருந்தாலும் போதும், என்னவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார், அதற்கு நான் பொறுப்பு. இடம் இல்லை என்று சொல்லாதீர்கள். ராசிபலனில் கைவைக்க வேண்டாம், என் மாமியார் விடமாட்டார். சமையல் குறிப்பில் பாதிப் பக்கம் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
வட வர்ஜீனியா