செயலாளரின் ஆண்டறிக்கை: மாதிரி விமானங்களில் காற்றுத்தடை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

இந்த ஆண்டுப் பயிற்சி வகுப்புகளைக் காற்றுத்தடைக்கே ஒதுக்கினோம். வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு. அதைத் தாண்ட மோட்டாருக்கு எட்டு மடங்கு சக்தி வேண்டும். ஆகவே பெரிய மோட்டார் வாங்கும் முன், வெளியே துருத்திக்கொண்டிருப்பவற்றை எண்ணிப் பாருங்கள்.

முதலில் இறக்கைத் தாங்கியை எடுத்துக்கொண்டோம். உருண்டைக் கம்பிக்குப் பின்னால் காற்று பிரிந்து சுழல்வதால், அதைவிடப் பல மடங்கு தடித்த மீன்வடிவத் தாங்கி இழுக்கும் அளவுக்கு அது இழுக்கும். 4 மி.மீ. கம்பியின் பின்புறம் பால்சா என்னும் எடை குறைந்த மரத்தை ஒட்டி, மொத்த நீளம் 16 மி.மீ. வரும்படி தேய்த்தோம். முன்பக்கத்தைக் கூராக்க வேண்டாம். மெலிந்து முடிய வேண்டியது பின்பக்கம்தான்.

ஏலரான், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பலகை, இறக்கையோடு சேரும் இடுக்கு வழியாக அடிக்காற்று மேலே கசியும். ஏலரானை மேல்நோக்கி முழுதாக மடக்கி, அடிப்பக்கத்தில் மெல்லிய டேப் ஒட்டுங்கள். நேராக வைத்து ஒட்டினால் டேப் இழுத்துப் பிடிக்கும்; ஏலரானை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோ முனகும், பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

அதிகம் கற்றுத்தந்தது எண்ணெய்ச் சோதனை. 20 செ.மீ. அகல இறக்கை நொடிக்கு 10 மீட்டரில் பறக்கும்போது ரெனால்ட்ஸ் எண் (வேகம், இறக்கை அகலம், காற்றின் பிசுக்கு மூன்றையும் சேர்த்துக் காற்றோட்டத்தின் தன்மையைக் காட்டும் எண்) ஏறத்தாழ 1,30,000. இந்த அளவில் சீராக வரும் காற்று பாதியிலேயே மேற்பரப்பை விட்டு எழுந்து, குமிழ்போலத் தாண்டி மீண்டும் ஒட்டும். எஞ்சின் ஆயிலில் விளக்குக்கரி குழைத்துப் பூசிப் பறக்கவிட்டால், முன்பகுதியில் கரிக்கோடுகள் நேராகப் பின்னோக்கி ஓடியிருக்கும். குமிழ் இருக்கும் இடத்தில் எண்ணெய் நகராமல் பட்டையாகத் தேங்கியிருக்கும். அந்தப் பட்டைக்குச் சற்று முன்னால் ஸிக்ஸாக் டேப் (விளிம்பு வளைந்து வளைந்து செல்லும் மெல்லிய டேப்) ஒட்டினால் காற்று கலங்கி, பரப்போடு ஒட்டியே செல்லும். பின்னால் ஒட்டினால் பயனில்லை. தடித்த டேப்போ தானே தடையாகிவிடும்.

மோட்டார் மூடி விஷயத்தில் கவனம் தேவை. அமெரிக்க அரசின் விமான ஆய்வு அமைப்பான நாகா (NACA) வடிவமைத்த எஞ்சின் மூடியால் லாக்ஹீட் ஏர் எக்ஸ்பிரஸ் விமானத்தின் உச்சவேகம் மணிக்கு 157 மைலிலிருந்து 177 ஆனது. அந்த மூடி எஞ்சினுக்குக் குளிர்காற்றையும் சரியாகச் செலுத்தியது. நாம் மூடும்போதும் காற்று வெளியேறும் வாய், உள்ளே வரும் வாயைவிடப் பெரிதாக இருக்கட்டும். இல்லையேல் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்கருவியான வேகக் கட்டுப்படுத்தி சூடேறிப் பாதியில் நின்றுவிடும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். வரும் ஆண்டில் இறக்கையும் உடலும் சேரும் மூலையை எடுத்துக்கொள்கிறோம். அந்த மூலையின் வளைவை அட்டையில் வெட்டி முதல் வகுப்புக்கு எடுத்து வரவும். அறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்