பீட்டா பதிப்பைத் தமிழர் தொடாமல் இருந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு,

கணினி இயங்குதளங்களின் பீட்டா பதிப்புகளை, அதாவது முழு வெளியீட்டுக்கு முன் சோதனைக்காக விடப்படும் பதிப்புகளை, நிறுவிப் பார்ப்பது ‘வேலையில்லாதவர்களின் விளையாட்டு’ என்று தங்கள் தொழில்நுட்பப் பக்கக் கட்டுரை சொல்கிறது. கும்பகோணத்தில் டி.டி.பி. நிலையம் நடத்தும் எனக்கு வேலை நிறையவே இருக்கிறது. இருந்தும் கடையின் ஓரத்தில் கிடக்கும் பழைய கணினியில் அந்த விளையாட்டைப் பல வருடங்களாக ஆடிவருகிறேன்.

பிழைப்பு நடக்கும் கணினியில் பீட்டாவை ஏற்றாதீர்கள் என்று கட்டுரையாளர் எச்சரித்திருப்பது சரி. ஆனால் யாருமே தொடக்கூடாது என்கிற தொனியைத்தான் ஏற்க முடியவில்லை.

2024 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் வெளியாகாத பதிப்பை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். தொலைவிலிருந்தே ஒரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போக வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகப் பிடிப்பது அவர் கண்ணில் பட்டது. நாமாக இருந்தால் இணைய இணைப்பைத் திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்போம். அவர் குடைந்து பார்த்தார். எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பிறர் கணினிக்குள் ரகசியமாக நுழைய யாரோ திட்டம் போட்டுக் கள்ளவாசல் வைத்திருந்தது மார்ச் 29 அன்று அம்பலமானது. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் 40ஆம் பதிப்பின் பீட்டா வரைக்கும் அது வந்துவிட்டிருந்தது. மற்றொரு லினக்ஸ் வகையான உபுண்டுவின் 24.04 பீட்டாவை ஒரு வாரம் தள்ளிவைத்து, எல்லாவற்றையும் மறுபடி கட்டி வெளியிட்டார்கள். முன்பதிப்பில் பிடிபடாமல் போயிருந்தால் உலகெங்கும் உள்ள சர்வர்களுக்குள் அது குடியேறியிருக்கும்.

இதற்கு நேர்மாறான கதை 2018 அக்டோபரில் நடந்தது. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பை நிறுவிய சிலருக்கு ஆவணங்களும் படங்களும் மொத்தமாக அழிந்தன. மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே விநியோகத்தை நிறுத்தி, நவம்பர் 13 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், சோதனையாளர்கள் சிலர் இதே பிழையைப் பல வாரங்களுக்கு முன்பே ஃபீட்பேக் ஹப் என்ற, மைக்ரோசாஃப்ட்டுக்குப் பிழைகளைத் தெரிவிக்கும் செயலியில் எழுதியிருந்தார்கள். ஆதரவு வாக்குகள் சேராததால் அது குவியலில் அமுங்கிப் போனது. பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்று குறிப்பிடும் வசதியைப் பிறகுதான் சேர்த்தார்கள்.

வாக்கு எண்ணிக்கைதான் கவனத்தைத் தீர்மானிக்கிறது என்றால் தமிழின் கதி என்ன? அதே 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து செய்தியில் வந்தாலே ஐஃபோன் செயலிகள் முடங்கின, ஐஓஎஸ் 11.2.6 வந்துதான் தீர்ந்தது. வெளியீட்டுக்கு முன்னால் அந்த எழுத்தை யாரும் அடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

என் சோதனைக்குக் கல்யாணப் பத்திரிகையைவிடச் சிறந்த வாசகம் கிடையாது. ‘ஸ்ரீ’, ‘லக்ஷ்மி’, ‘சௌபாக்கியவதி’, ‘கொடுமுடி’ எல்லாம் அதில் வந்துவிடும். முன்பதிப்பு ஒன்றில் ‘கொ’வின் கொம்பும் காலும் ஒரு புள்ளிவட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, ‘க’ தனியே கிடந்தது. அழிக்கும் விசையை ஒருமுறை தட்டினால் முழு எழுத்தும் போகிறதா, குறி மட்டும் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஆங்கிலம் மட்டும் அடிக்கும் சோதனையாளர் எத்தனை லட்சம் பேர் இருந்தாலும் இதெல்லாம் அவர்கள் கண்ணில் படப்போவதில்லை.

ஆர்வமுள்ளவர்கள் உபுண்டுவின் பீட்டாவை ஒரு பென் டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். விண்டோஸுக்கு மெய்நிகர் கணினியோ (கணினிக்குள்ளேயே மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினி), போனால் போகட்டும் என்று விடக்கூடிய பழைய பெட்டியோ உத்தமம். விண்டோஸின் ஆரம்பகட்டச் சோதனைத் தடங்களில் (டெவ், கேனரி போன்றவை) ஏறிவிட்டால் இறங்குவதற்குப் பெரும்பாலும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டியிருக்கும். இலவசமாகக் கிடைக்கிறதே என்று அதையே நிரந்தரமாக்கிக்கொள்ளவும் முடியாது. விண்டோஸ் 7இன் வெளியீட்டுக்கு முந்தைய பதிப்பு, 2010 மார்ச் முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக அணைந்து ஆளை விரட்டியது.

புதிய வால்பேப்பரைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவதோடு நிறுத்திக்கொள்பவர்களைக் கட்டுரையாளர் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும். பதிப்பு எண், என்ன அடித்தோம், என்ன வந்தது, திரையின் ஒரு படம் (ஸ்கிரீன்ஷாட்): பிழையைச் சொல்ல இவ்வளவு போதும். இன்னொரு தமிழர் ஏற்கெனவே சொல்லியிருந்தால் அதற்கு நம் வாக்கையும் போட வேண்டும். இதை எங்கே, எப்படி எழுதுவது என்று படங்களுடன் அரைப் பக்கம் அதே பகுதியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டி.டி.பி. நிலையம் நடத்தும் வாசகி,
கும்பகோணம்