முனை மழுங்கியது, அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

இன்றோடு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நடந்தவை உனக்குத் தெரியும். தழும்பு எந்தப் பக்கம் என்பதைப் பிறரும் படிக்கக்கூடிய இக்கடிதத்தில் எழுதமாட்டேன்.

மூக்கோரத்து மடிப்பருகே கூர் ஊசியால் துளையிட்டு, அதன் வழியே கேனுலா என்னும் மெல்லிய குழலைச் செலுத்திக்கொண்டிருந்தபோது நீ என் மணிக்கட்டைப் பிடித்து, "சுரீரென்று வலிக்கிறதடி" என்றாய். "முனை மழுங்கியது அக்கா, ரத்தக் குழாயைத் துளைக்காது" என்று சொல்லிவிட்டு, முகப் பள்ளத்தை நிரப்பும் ஜெல்லான ஃபில்லரை இன்னும் கொஞ்சம் செலுத்தினேன். கையை எடுத்தபோது தோல் வெளுத்திருந்தது. விரலால் அழுத்தி விட்டேன். ஓரிரு நொடிகளில் திரும்பவேண்டிய சிவப்பு திரும்பவேயில்லை.

நான் பொய் சொல்லவில்லை. மழுங்கிய கேனுலா பெரும்பாலும் ரத்தக் குழாய்களை ஒதுக்கிக்கொண்டு போகும். அதனால்தான் ரத்தக்கட்டும் குறைவு. ஆனால் என் கையிலிருந்தது 27 கேஜ். எண் கூடக்கூடக் குழல் மெலியும் என்பதும், அவ்வளவு மெலிந்த முனை ஏறக்குறைய ஊசியைப் போலவே தமனியைத் துளைத்துவிடும் என்பதும் நான் அறிந்திருக்கவேண்டியவை. தமனியை அடைத்த ஃபில்லரைக் கரைக்கும் ஹயலூரோனிடேஸ் மருந்து அருகிலேயே இருந்தது. உடனே செலுத்தினேன், மீண்டும் மீண்டும் செலுத்தினேன், விடியும்வரை உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இதை நீ யாரிடமும் சொன்னதில்லை.

சொன்னது வேறு: "காது குத்துகிற ஊசியை என் முகத்தில் ஏற்றிக் கை பழகினாள்." காது குத்தும் கேனுலாவில் கூர் ஊசி உள்ளே இருக்கும், துளைத்தபின் அதை உருவிவிட்டு, தங்கும் குழலில் நகையைப் பொருத்தி இழுப்பார்கள். நான் வைத்திருந்தது துளைக்காமல் இருப்பதற்கென்றே செய்த கருவி. அந்த வேறுபாட்டை உறவினரிடம் விளக்கி விளக்கி ஓய்ந்துபோனேன், அக்கா. விளக்கியிருக்கவே கூடாது, புண் உன்னுடையது.

இனி அந்த மெல்லிய கேனுலாவை முகத்தில் பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். 25 கேஜும் அதைவிடத் தடித்ததும் மட்டுமே. அவற்றாலும் தமனி அடைபடலாம் என்பதால், வலிக்கிறது என்ற சொல் கேட்டதும் கை நின்றுவிடும்.

நாளை இளம் மருத்துவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். உன் படங்களை உன் சம்மதமின்றிக் காட்டமாட்டேன். அன்று நான் சொன்ன அந்த வாக்கியத்தை மட்டும் பலகையில் எழுதி, கீழே என் பெயரை எழுதுவேன்.

உன் தங்கை