என் கவிதைகளைத் தூக்கிச் சுமந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

என் கவிதைத் தொகுப்பின் இரண்டாம் பதிப்பு போன வாரம் கொழும்பு கொட்டாஞ்சேனை அச்சகத்திலிருந்து ஹட்டனுக்கு வந்து சேர்ந்தது. இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான எங்கள் மலையகத்தில் ஒரு கவிதைப் புத்தகம் மறுபடி அச்சேறுவது அடிக்கடி நடக்கிற காரியமில்லை. சொந்தக் காசில் 300 பிரதி அடித்து, வெளியீட்டு விழாவில் பாதியை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு, மீதியைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கும் நல்ல கவிஞர்கள் பலரை எனக்குத் தெரியும். என் புத்தகம் அப்படிக் கிடந்துவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் நீங்கள். நேரில் சொன்ன நன்றி போதவில்லை, அதனால் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் சொல்லிவிட்டீர்கள். சரி, போடவில்லை. வாசிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதலில் அச்சகத்து ஐயா. 2021 கடைசியில் அவரிடம் விலை பேசி முற்பணம் கொடுத்தேன். அடுத்த வருடம் நாடு இருந்த நிலை எல்லோருக்கும் தெரியும். டொலர் இல்லை, டீசல் இல்லை, கடதாசி இல்லை. மார்ச் மாதம் மேல் மாகாணப் பள்ளிக்கூடங்களின் தவணைப் பரீட்சையையே கடதாசித் தட்டுப்பாட்டால் தள்ளிவைத்தார்கள். அந்த நேரத்தில் கவிதைப் புத்தகத்தைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஐயாவே கோல் எடுத்தார். "டீச்சர், உங்கட புத்தகத்துக்கு எடுத்து வச்ச கடதாசியை நான் வேற வேலைக்குப் போடல்ல" என்றார். 2023இல் புத்தகம் வந்தபோது பழைய விலையைத்தான் வாங்கினார். மிச்சப் பணத்தை விற்ற பிறகு தாருங்கள் என்றும் சொல்லிவிட்டார். அதே அச்சகத்தில் தட்டச்சு செய்த தங்கச்சி வட்டவளைப் பக்கத்துப் பிள்ளை. மடுவம் (கொழுந்து நிறுக்கும் இடம்), பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம்), இஸ்தோப்பு (திண்ணை) என்ற தோட்டத்துச் சொற்கள் எல்லாம் நான் எழுதியபடியே அச்சில் வந்ததற்கு அவள்தான் காரணம்.

ஹட்டன் – கொழும்பு பஸ்ஸில் ஓடும் கண்டக்டர் தம்பி, கினிகத்தேனை ஏற்றத்தில் மழை கொட்டிய நாளில் என் புத்தகப் பொதியை இஞ்சின் பக்கத்தில் வைத்து நனையாமல் கொண்டுவந்தீர்கள். பொதிக்கூலியும் வாங்கவில்லை. ஹட்டன் டவுனில் புத்தகக் கடை வைத்திருக்கும் அண்ணன், பயிற்சிக் கொப்பிகளுக்கும் கடந்தகால வினாத்தாள்களுக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரிகிற தட்டில் என் புத்தகத்தை வைத்தார். கவிதைக்கு அந்தத் தட்டைக் கொடுப்பது ஒரு வியாபாரிக்கு நட்டம். தெரிந்துதான் கொடுத்தார்.

இனி, எங்கள் தோட்டத்து அக்காமார். இவர்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும்.

என் அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்தவர்கள் இவர்கள். வேலை முடிந்து, விறகு கொண்டுவந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்த பிறகு கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, இஸ்தோப்பில் உட்கார்ந்து என் கவிதைகளைக் கேட்டார்கள். இந்தத் தொகுப்பில் உள்ள எதுவும் அவர்கள் கேட்காமல் அச்சுக்குப் போகவில்லை. மழைநாள் பற்றி ஒரு கவிதை இருக்கிறது. அதன் முதல் பாதியை வாசித்ததும் ஒரு அக்கா, "அப்புறம் மடுவத்துக்கு வர மாட்டியா?" என்று கேட்டார். ஈரத்துக்கு என்றும் சாக்குக்கு என்றும் கிலோ கழிக்கிற கதையை ஆளுக்கு ஒரு பக்கமாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். தராசுமுள்ளைப் பார்க்க எட்டிப் பார்த்தால் விழுகிற ஏச்சு, அரைப்பேர் விழுந்து பாதிச் சம்பளமே கிடைக்கிற நாளில் வீட்டுக்கு நடக்கிற நடை, எல்லாம் வந்தது. கவிதையின் இரண்டாம் பாதி அவர்கள் வாயிலிருந்து வந்ததுதான். வாசித்தவர்கள் அதிகம் எழுதியதும் அந்தப் பாதியைப் பற்றித்தான். அதனால் இந்த இரண்டாம் பதிப்பில் அந்தப் பக்கத்தின் கீழே "தோட்டத்து அக்காமாரோடு சேர்ந்து எழுதியது" என்று போட்டிருக்கிறேன்.

புத்தகத்தின் விலை 500 ரூபாய். பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல்தான் நாட்சம்பளம் 1000 ரூபாயானது. புத்தகம் வந்தபோதும் அதுதான் சம்பளம். அக்காமாருக்குச் சும்மா கொடுக்கத்தான் பிரதிகளைக் கொண்டுபோனேன். வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு, அரை நாள் சம்பளத்தை முந்தானையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். "எங்க கதைக்கு வெல இல்லையா?" என்றார் ஒருவர். விழாவுக்கு வரும் பெரிய மனிதர்களுக்கு இலவசப் பிரதி கொடுக்கும் வழக்கத்தை நான் அன்றோடு நிறுத்திவிட்டேன். மற்றக் கவிஞர்களும் நிறுத்தினால் நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

எனக்கு முன்னால் நடந்தவர்களுக்கும் இந்த இடத்தில் கடன் சொல்ல வேண்டும். தொழிற்சங்கக் கூட்டங்களில் தன் கணவர் கோ. நடேசய்யரோடு மேடையேறிப் பாட்டாகவே பேசிய மீனாட்சியம்மாள், அந்தப் பாட்டுகளைச் சிறு புத்தகமாக அச்சிட்டு மக்கள் கையில் கொடுத்தவர். 1947இல் தலவாக்கலை மக்களின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் போன சி. வி. வேலுப்பிள்ளை, கவிதை எழுதியதோடு நிற்காமல் தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். நான் எழுத வந்தபோது இவர்கள் எழுதியது எதுவும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட நூலகத்தில் இல்லை. பழைய மலையகப் புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் ஃபோனிலேயே வாசிக்கக் கிடைத்தது இணையத்தில் இயங்கும் ‘நூலகம்’ என்ற நிறுவனத்தால். 2005இலிருந்து பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து சேர்த்துவரும் அந்தப் பிள்ளைகளின் உழைப்புக்கு என் நன்றி.

சனிக்கிழமைக் கவிதை வகுப்புக்குக் கோயில் மண்டபத்தைத் திறந்துவிடுகிற தலைவருக்கும் கமிட்டிக்கும் நன்றி. சாதாரண தரப் பரீட்சைக்கு டியூஷன் தேடி ஓடுகிற காலத்தில், பாட்டெழுதப் பிள்ளையை அனுப்பும் தாய்தகப்பனுக்கு அதைவிடப் பெரிய நன்றி. யாப்பை நான் கரும்பலகையில் தொடங்குவதில்லை. வீட்டில் அம்மாயியிடமோ அப்பாயியிடமோ ஒரு தாலாட்டு, ஒரு தெம்மாங்கு, ஒரு ஒப்பாரி கேட்டு எழுதி வரச் சொல்வேன். எதுகையும் மோனையும் அதிலேயே இருக்கும். பிள்ளைகளே விரலை வைத்துக் காட்டிவிடுவார்கள். மாசியில் காமன் கூத்து ஆடவைக்கிற மாஸ்டர் தன் தப்பு மேளத்தோடு வகுப்புக்கு வந்து, அடி மாறினால் பாட்டு எப்படி மாறும் என்று காட்டினார். பேப்பரில் மட்டும் கவிதையைப் பார்த்திருந்த பிள்ளைகள் அன்றைக்கு எழுந்து நின்று பாடினார்கள்.

குவைத்தில் வீட்டுவேலை செய்யும் எங்கள் ஊர்த் தங்கை ஒருத்தி, நான் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற கவிதைகளை எல்லாம் தன் குரலில் வாசித்துத் திருப்பி அனுப்புவாள். வீட்டுக்காரர்கள் தூங்கிய பிறகுதான் அவளுக்கு நேரம் கிடைக்கும், அதனால் குரல் சின்னதாக இருக்கும். வகுப்பில் அதைப் போட்டுக் காட்டுவேன். அவளுடைய மகளும் அந்த வகுப்பில் இருக்கிறாள். தங்கச்சி, நீ அனுப்புகிற ஒவ்வொன்றையும் உன் பிள்ளை கேட்கிறாள் என்பதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

2023இல் எங்கள் சனம் இந்தியாவிலிருந்து இந்த மண்ணுக்கு வந்த 200 வருடத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்த நடைபவனியைப் பற்றிய கவிதையைச் சிங்களத்தில் தந்தவர் நாவலப்பிட்டியில் படிப்பிக்கும் ஒரு சிங்கள ஆசிரியை. புரியாத வரிக்கெல்லாம் என்னைக் கூப்பிட்டு, அந்தக் காலத்தில் நடந்து வந்தபோது காட்டுப்பாதையில் செத்தவர்களைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதினார். தன் வகுப்பிலும் அதை வாசித்தார். மிஸ், ஸ்துதி, நன்றி.

அதிபருக்கும் சக ஆசிரியர்களுக்கும், பாடவேளையை மாற்றித் தந்து கவியரங்கங்களுக்கு அனுப்பியதற்கு நன்றி. வீட்டில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டாம் பதிப்பில் வரும் பணத்தில் வகுப்புப் பிள்ளைகள் சேர்த்த தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் ஒரு சிறு புத்தகமாகப் போடப் போகிறோம். பாடியவரின் பெயரும் தோட்டத்தின் பெயரும் ஒவ்வொரு பாட்டோடும் வரும். பொகவந்தலாவை, மஸ்கெலியா, லிந்துலை, ஹப்புத்தளை என்று எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, உங்கள் வீட்டில் பாடத் தெரிந்த ஒரு பாட்டி இருந்தால் ஃபோனில் பதிந்து வையுங்கள். எழுதி எடுக்க நாங்கள் வருகிறோம்.

அன்போடும் நன்றியோடும்,
உங்கள் கவிதை டீச்சர்,
ஹட்டன்.