மண்டபச் சன்னல், கதவுத் திருப்பணி: நிறைவு அறிக்கை

ஆலய உறுப்பினர்களுக்கும் மண்டபத்தைப் பயன்படுத்தும் அன்பர்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

பினாங்கு ஜெலுத்தோங்கில் உள்ள நம் ஆலய மண்டபத்தின் 26 இரட்டைக் கண்ணாடிச் சன்னல்களிலும் 4 வாசற்கதவுகளிலும் பழுது நீக்கும் வேலை, ஒரு சன்னலின் பூட்டுத் தண்டைத் தவிர, முடிந்துவிட்டது. ஆடியில் கல்யாண முன்பதிவு இருக்காது என்பதால் அந்த மாதத்தையே வேலைக்கு ஒதுக்கிக்கொண்டோம். கூழ் ஊற்றும் நாளில் மட்டும் ஏணிகளையும் கருவிகளையும் ஓரங்கட்ட வேண்டியிருந்தது. ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு மண்டபம் தயாராகிவிட்டது.

எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் பலர் வற்புறுத்தினார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. மூடாத சன்னல், திறக்காத கதவு, கையோடு வந்துவிடும் கைப்பிடி என்று வாடகைக்கு எடுத்தவர்கள் ஒவ்வொரு விசேஷத்திலும் முகம் சுளித்தார்கள். ஆனாலும் குழு பழுதுபார்ப்பதையே தேர்ந்தெடுத்தது. அந்த முடிவுக்கான காரணத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுவதே இந்த அறிக்கையின் முதல் வேலை. கணக்கு பின்னால் வருகிறது.

குளிர்நாடுகளில் வீட்டுச் சூடு வெளியேறாமல் இருக்க இரட்டைக் கண்ணாடி போடுகிறார்கள். வருடம் முழுவதும் வியர்க்கும் பினாங்கில் அது எதற்கு என்று 2012இல் இவற்றைப் பொருத்தியபோதே கேட்டவர்கள் உண்டு. நம் மண்டபத்துக்கு ஒரு பக்கம் விரைவுச்சாலை, மறுபக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பு. லாரி இரைச்சல் தாலி கட்டும் நேரத்தில் உள்ளே வரக்கூடாது. நம் நாதஸ்வரமும் தவிலும் எதிர்வீட்டுக் குழந்தையின் தூக்கத்தைக் கெடுக்கக்கூடாது. குளிர்சாதனத்துக்குக் கட்டும் மின்கட்டணமும் இடுக்கு வழியே போய்விடக்கூடாது. இத்தனைக்கும் சேர்த்துத்தான் அந்தச் செலவு. (உறுமியின் ஆழமான அதிர்வை எந்தக் கண்ணாடியும் முழுதாகத் தடுப்பதில்லை. அதற்கு மணி பத்தானதும் நிறுத்துவதுதான் வழி.) ஆனால் கண்ணாடி எத்தனை அடுக்காக இருந்தாலும், சன்னல் கதவு சட்டத்தோடு ஒட்டி, ரப்பர் பட்டையை அழுத்தி மூடினால்தான் பயன். ஒரு சிறு இடுக்கு போதும், சத்தம் அதன் வழியே தாராளமாக நுழையும். அண்டை வீட்டாரிடமிருந்து சில ஆண்டுகளாக நமக்கு வந்த புகார்களுக்கு அந்த இடுக்குகளே காரணம். கண்ணாடி பெரும்பாலும் நன்றாகவே இருந்தது.

சட்டங்களும் நன்றாகவே இருந்தன. பிறையிலிருந்து வந்த அலுமினியப் பட்டறைக்காரர் ஒருவர், புதிய சன்னல் விற்கும் வாய்ப்பு தன் கையில் இருந்தும், சட்டத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதில் குறையில்லை, கெட்டிருப்பது இரும்புச் சாமான்கள்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். குழுவின் மனத்தை மாற்றியது அந்த நேர்மையான பேச்சு. அவருக்கு நன்றி.

பழுதைக் கண்டறிந்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். உறுப்பினர்கள் வீடுகளிலும் இது உதவும்.

பல ஆண்டுகளாக மண்டபத்தில் நடந்து வந்தது இதுதான்: கைப்பிடி உடைந்தால் புதுக் கைப்பிடி. சில மாதங்களில் அதுவும் உடையும். மறுபடியும் ஒன்று. மேடைக்குப் பின்னறையில் உடைந்த கைப்பிடிகள் ஒரு வாளி நிறையக் கிடந்தன. வேலையை எடுத்துக்கொண்ட பட்டர்வொர்த் பூட்டுத் தொழிலாளி வாளியைப் பார்த்தார். திருப்புளியைக் கையில் எடுக்கவில்லை. ஒரு சன்னலைத் திறந்து, திறந்த நிலையிலேயே கைப்பிடியைத் திருப்பச் சொன்னார். வெண்ணெயாகத் திரும்பியது. மூடிவிட்டுத் திருப்பச் சொன்னார். அசையவில்லை. திறந்திருக்கும்போது இலகுவாகத் திரும்பி, மூடியதும் முரண்டு பிடித்தால் பூட்டிலும் கைப்பிடியிலும் குற்றமில்லை. சன்னல் கதவு தன் இடத்தைவிட்டு இறங்கியிருக்கிறது என்று பொருள். பூட்டுத் தண்டில் உள்ள குமிழ்கள் சட்டத்திலுள்ள தகட்டுக்குள் நுழைய வேண்டும். கதவு சில மில்லிமீட்டர் இறங்கினாலே அவை தகட்டின் விளிம்பில் மோதி நின்றுவிடும். மோதுவது தெரியாமல் நாம் கைப்பிடியில் பலத்தைக் காட்டுகிறோம். முதலில் கைப்பிடி உடைகிறது. கைப்பிடி உறுதியாக இருந்துவிட்டால் உள்ளே இருக்கும் கியர்ப்பெட்டி உடைகிறது, அதற்குத்தான் செலவு அதிகம். திறந்த நிலையிலும் கைப்பிடி முரண்டினால் மட்டுமே பூட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

சன்னல் கதவு இறங்கக் காரணம் கீல்கள். இந்தச் சன்னல்களில் இருப்பவை பழைய வீடுகளில் காணும் வண்ணத்துப்பூச்சிக் கீல்கள் அல்ல. ஒரு தடத்தில் நழுவியபடி முழங்கையைப் போல மடங்கி விரியும் உராய்வுக் கீல்கள். கதவைத் திறந்த இடத்திலேயே நிறுத்தி வைப்பது அந்த உராய்வுதான். அவை சுமக்கும் எடையைப் பாருங்கள். கண்ணாடி, ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 2.5 கிலோ கனக்கும். நம் சன்னல்களில் 6 மில்லிமீட்டர் கண்ணாடிகள் இரண்டு. ஆக சதுர மீட்டருக்கு 30 கிலோ, அலுமினியத்தின் எடை தனி. இந்தச் சுமையோடு கடற்காற்றும் சேர்ந்தது. தடங்களைத் திறந்தபோது உப்பும் தூசியும் கலந்த சாம்பல்நிறச் சாந்து, செத்த ஈசல்கள், பல்லி முட்டை ஓடுகள் எல்லாம் இருந்தன. சில கீல்களில் ஆணிமுனைகள் துரு தின்று மெலிந்து போயிருந்தன.

2012இல் பொருத்தியவர் எஃகு என்று சொல்லிக் கொடுத்தது எந்த எஃகு என்பதைப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர் காந்தம் வைத்தே கண்டுபிடித்துவிட்டார். காந்தம் பளிச்சென்று ஒட்டிக்கொண்டது. துருப்பிடிக்காத எஃகிலும் பல தரம் உண்டு. 304 என்பது சமையலறைக்குப் போதும். கடலோரத்துக்கு 316 வேண்டும். அதில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் என்ற உலோகம் கலந்திருப்பதால் உப்பு எளிதில் குழி பறிக்காது. இவ்விரண்டிலும் காந்தம் அநேகமாக ஒட்டாது. ஆகவே காந்தம் மட்டமான சரக்கைக் காட்டிக்கொடுக்குமே தவிர 304ஐயும் 316ஐயும் பிரித்துக் காட்டாது. இந்த முறை 316 என்று எழுத்தில் உறுதி வாங்கிய பிறகே பணம் கொடுத்தோம்.

19 சன்னல்களுக்குப் புதிய கீல்கள் போடப்பட்டன. மீதி ஏழில் தடத்தைச் சுத்தம் செய்து, உராய்வுத் திருகாணியை இறுக்கியதே போதுமானதாக இருந்தது. கீல் வாங்குவதில் ஒரு நுணுக்கம்: நீளம் பொருந்தினால் மட்டும் போதாது. மேலே தொங்கும் சன்னலுக்கும் பக்கவாட்டில் திறக்கும் சன்னலுக்கும் கீல் வேறு. சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே கீல் அடங்கும் உயரமும் 13 மில்லிமீட்டர், 17 மில்லிமீட்டர் என இருவகை. 13 வேண்டிய இடத்தில் 17ஐத் திணித்தால் சன்னல் ஒருநாளும் மூடாது. முன்பு யாரோ இரண்டு சன்னல்களில் அப்படித்தான் திணித்திருந்தார்கள். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை உலுக்கிய புயல்மழையில் மண்டபத்துக்குள் தண்ணீர் வந்தது அந்த இரண்டின் வழியாகத்தான்.

பழைய திருகாணிகளைக் கழற்றுவது பெரும்பாடாகிவிட்டது. அலுமினியமும் எஃகுத் திருகாணியும் உப்பீரத்தில் சேர்ந்திருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி, திருகாணியை இறுகப் பிடித்துக்கொள்ளும். பலவற்றைத் துளையிட்டே எடுக்க வேண்டியிருந்தது. புதியவற்றை, அப்படி இறுகிக்கொள்ளாமல் தடுக்கும் மசகுக் களிம்பு தடவி முடுக்கியிருக்கிறோம். அடுத்த தலைமுறைக் குழு நம்மைத் திட்டாமல் இருக்கட்டும்.

கைப்பிடிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 14 மாற்றப்பட்டன. கடையில் கேட்கும்போது கைப்பிடியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சதுரக் கம்பியின் நீளத்தையும் இரு திருகாணித் துளைகளுக்கு இடையிலுள்ள தூரத்தையும் அளந்து சொன்னால் போதும். அழகு பார்த்து வாங்கக்கூடாது.

வாசற்கதவுகளுக்கு வருவோம். ஒவ்வொரு கதவிலும் கண்ணாடி மட்டுமே சுமார் 60 கிலோ. கடற்கரைப் பக்கத்துக் கதவு நுனி தொங்கி, தரையை உரசி, கல்லில் அரைவட்டக் கோடு போட்டிருந்தது. கீல்களைத் திருகி உயர்த்திப் பார்த்தும் சரியாகவில்லை. கண்ணாடியைச் சட்டத்துக்குள் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் ஆப்புகள் இடம் பெயர்ந்திருந்ததே காரணம். அந்த ஆப்புகளைக் கீழ்க்கோடியில் கீல் பக்கமும், குறுக்கே மேல்கோடியில் பூட்டுப் பக்கமும் செருகினால், கண்ணாடியின் விறைப்பே கதவைத் தூக்கிப் பிடிக்கும்; எடை மூலைவிட்டமாகக் கீலுக்கு இறங்கும். ஆப்புகளைச் சரிசெய்ததும் கதவு தானாக நிமிர்ந்தது. ஒரு புதிய பாகமும் வாங்கவில்லை. "கதவையே மாற்ற வேண்டும்" என்று விலைப்புள்ளி கொடுத்தவர்கள் இதை ஏன் பார்க்கவில்லை என்பது நமக்கு விளங்கவில்லை.

மற்ற மூன்று கதவுகளில் பூட்டின் கியர்ப்பெட்டிகள் தேய்ந்து போயிருந்தன. கைப்பிடியை மேலே தூக்கினால் மேலும் கீழும் நடுவிலும் கொக்கிகள் பாயும் வகைப் பூட்டு இது. கொக்கித் தண்டு முழுவதையும் மாற்றாமல் கியர்ப்பெட்டியை மட்டும் மாற்ற முடிந்தது. முகத்தகட்டில் பொறித்திருக்கும் எண்களையும் சாவித்துளைக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் உள்ள தூரத்தையும் படம் எடுத்து அனுப்பியே சரியான பெட்டியைத் தேடிப் பிடித்தோம்.

இங்கே ஒரு வேண்டுகோள். சாவித்துளைகளில் விளக்கெண்ணெயும் நல்லெண்ணெயும் ஊற்றியிருந்தார்கள். ஆலயத்தில் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை என்பது உண்மைதான். ஆனால் சுவாமிக்கு ஏற்றும் எண்ணெய் பூட்டுக்கு ஆகாது. அது தூசியைச் சேர்த்துக் கோந்தாக்கி, சாவி நுழையும் சிலிண்டருக்குள் இருக்கும் சிறு ஊசிகளைச் சிக்கவைத்துவிடும். சாவித்துளைக்குக் கிராஃபைட் தூள், கியர்ப்பெட்டிக்கும் கொக்கிக்கும் லேசான இயந்திர எண்ணெய், ரப்பர் பட்டைக்கு சிலிக்கோன் தெளிப்பு. மூன்றும் அலுவலகத்தில் இருக்கின்றன.

சிலிண்டர்கள் நான்கையும் மாற்றியது பூட்டு கெட்டதால் அல்ல. ஒரு வரவேற்பின்போது பக்கவாட்டுக் கதவு உள்ளிருந்து பூட்டப்பட்டு, சாவி வைத்திருந்தவர் வெளியே போய்விட்டார். விருந்தினர்கள் சமையல்கட்டு வழியாகச் சுற்றி வந்தார்கள். அன்று எல்லோரும் சிரித்துவிட்டோம். தீ பிடித்திருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். 1984ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டட துணைவிதிகளின்படி, வெளியேறும் கதவு எதுவும் உள்ளிருந்து சாவி இல்லாமல், தனிப் பயிற்சி இல்லாமல் திறக்க வேண்டும். இப்போது நான்கு கதவுகளிலும் வெளியே சாவி, உள்ளே கையால் திருப்பும் குமிழ். வெளிமுனை கைப்பிடித் தகட்டைவிட்டு 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டாதபடி அளந்து வாங்கினோம். நீட்டிக்கொண்டிருந்தால் திருடன் குறடால் பிடித்து முறித்துவிடுவான்.

கண்ணாடி மங்குகிறது என்ற புகார் நிறைய வந்தது. அதில் பெரும்பாலானவை புகாரே அல்ல. உள்ளே குளிர்சாதனம் முழுவேகத்தில் ஓடும்போது, வெளிக்காற்றின் ஈரம் கண்ணாடியின் வெளிப்புறத்தில் பனியாகப் படியும். குளிர்நாடுகளில் உட்புறம் படிவது இங்கே வெளிப்புறம் படிகிறது. துணியால் துடைத்தால் போய்விடும். துடைத்தும் போகாமல் இரு கண்ணாடிகளுக்கு நடுவே மங்கல் நின்றால் மட்டுமே ஓரத்து அடைப்பு விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். அதைப் பழுதுபார்க்க வழியில்லை. அந்தக் கண்ணாடி இணையை மட்டும் மாற்றலாம். அப்படி மூன்று இருந்தன. மூன்றும் பிறையில் செய்வித்து மாற்றப்பட்டன. சட்டத்தைத் தொடவில்லை.

செலவு: கீல்கள் 2,280 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), பூட்டு, சிலிண்டர், கைப்பிடிகள் 3,210 வெள்ளி, கண்ணாடி 2,100 வெள்ளி, கூலி 4,800 வெள்ளி. மொத்தம் 12,390 வெள்ளி. எல்லாவற்றையும் மாற்றுவதற்கு வந்த விலைப்புள்ளிகளில் மிகக் குறைந்தது 74,000 வெள்ளி. முழுத் தொகையும் மண்டப வாடகை நிதியிலிருந்து எடுக்கப்பட்டது. தனி வசூல் நடத்தவில்லை. ரசீதுகளை அலுவலகத்தில் யாரும் பார்க்கலாம். மீந்த தொகையில் மேடைத் திரையைப் புதுப்பிக்கலாம் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அது இந்தக் குழுவின் பொறுப்பில் இல்லை. பொதுக்கூட்டம் முடிவு செய்யட்டும்.

இனி ஆண்டுக்கு இருமுறை, தைப்பூசத்துக்கு முன்பும் ஆடியிலும், தடங்களை நன்னீரால் துடைத்து எண்ணெயிடும் பொறுப்பை இளைஞர் பிரிவு ஏற்றிருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: சன்னல் கதவில் தோரணமோ பலூனோ கட்டித் தொங்கவிடக்கூடாது. மேடையின் இடப்புறம் உள்ள மூன்றாவது சன்னலுக்கு உரிய பூட்டுத் தண்டு இன்னும் வந்து சேரவில்லை. அதுவரை அது மூடியே இருக்கும், யாரும் திறக்க முயல வேண்டாம்.

பழைய சாவிகள் எந்தக் கதவுக்கும் பயன்படா. வைத்திருப்பவர்கள் அவற்றை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, பதிவேட்டில் கையெழுத்திட்டுப் புதிய சாவியைப் பெற்றுக்கொள்ளவும்.

திருப்பணிக் குழு
ஜெலுத்தோங், பினாங்கு